நாற்பத்தாறு நிமிடத்துக்கு ஒரு திட்டம்

கேள்வி: எனக்கு 44 வயது. கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் கணக்குப் பிரிவில் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் வேலை. எடை கூடிவிட்டது என்று கிரவுண்டில் காலையில் நடக்கத் தொடங்கினேன். போன வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஓடிப் பார்த்தேன், பிடித்துப்போய்விட்டது. இப்போது இடையிடையே நடந்து, 5 கிலோமீட்டரை 46 நிமிடத்தில் முடிக்கிறேன். அதே கிரவுண்டில் போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் 22 நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். இன்னும் ஆறு வாரத்தில் எங்கள் ஊரில் நடக்கப்போகும் 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, கல்லூரியில் படிக்கும் என் மகள் என்னைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டாள். எனக்கும் ஆசைதான். ஆனால் எல்லோரும் முடித்துவிட்டுப் போன பிறகு, ஆம்புலன்ஸ் பின்னால் வர, நான் மட்டும் ஓடி வருவதை நினைத்தால் கை கால் உதறுகிறது. வீட்டுக்காரர், "இந்த வயசுல ஓடி முட்டி தேஞ்சுபோனா யாரு பாக்கறது?" என்கிறார். மாடிப்படி இறங்கும்போது வலது முட்டியின் முன்பக்கம் லேசாக வலிப்பதும் உண்மைதான். சில நாள் வழக்கத்தைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறது. நான் ஓடலாமா? வேகத்தைக் கூட்ட என்ன செய்ய வேண்டும்? அன்றைக்கு என்ன சாப்பிட வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிருஷ்ணகிரி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தாராளமாக ஓடுங்கள். முட்டிக்கும் மூச்சுக்கும் சில வேலைகள் இருக்கின்றன. அவற்றை இந்த ஆறு வாரத்துக்குள் பார்த்துவிடலாம். வேகத்தைக் கூட்டுவது எப்படி என்ற கேள்வியை மட்டும் இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். காரணம் சொல்கிறேன்.

5 கிலோமீட்டருக்கு 46 நிமிடம் என்றால், கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 12 விநாடி. 22 நிமிடத்தில் முடிக்கும் பிள்ளைக்கு 4 நிமிடம் 24 விநாடி. அந்தப் பிள்ளை முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் பாதித் தூரத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டீர்கள். தூரம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் உங்கள் இதயம் விடாமல் உழைக்கும் நேரம் இரண்டு மடங்கு. வெயில் படும் நேரமும், சாலையில் வண்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் நேரமும் இரண்டு மடங்கு. ஓட்டம் நடத்துபவர்களோ பெரும்பாலும் முதல் பத்துப் பேரை மனத்தில் வைத்துத்தான் ஏற்பாடு செய்கிறார்கள். வேகமாக ஓடுகிறவர் ஒன்றும் யோசிக்காமல் வந்து ஓடிவிட்டுப் போகலாம். மெதுவாக ஓடுகிறவருக்குத்தான் திட்டம் வேண்டும். ஆறு வாரத்தில் உங்கள் வேகத்தைப் பெரிதாக மாற்ற முடியாது. அந்த 46 நிமிடத்தை நல்லபடியாகக் கடக்க உங்களைத் தயார் செய்ய முடியும். நான் சொல்லப்போவது எல்லாம் அதற்காகத்தான்.

முதலில், உங்களை அதிகம் வாட்டும் பயத்தைப் பார்ப்போம். ஊர் ஓட்டங்களில் முதலுதவிப் பந்தலில் நான் நிற்பதுண்டு. கடைசியில் வருகிறவர்களை அங்கிருந்துதான் பார்ப்பேன். தன்னந்தனியாக ஒரே ஒருவர் வருவது அரிது. ஐந்தாறு பேர் முன்னும் பின்னுமாக வருவார்கள். அவர்களில் பாதிப் பேர், முதல் கிலோமீட்டரில் உங்களையெல்லாம் தாண்டிப் பறந்து, மூன்றாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்ட இளைஞர்களாக இருப்பார்கள். உங்கள் ஓட்டத்தில் வயதுப் பிரிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டம்தோறும் நடத்தும் அண்ணா மாரத்தானில் 17 முதல் 25 வயது வரை ஒரு பிரிவு, 25-க்கு மேல் தனிப் பிரிவு என்று வைத்திருக்கிறார்கள். 25-க்கு மேற்பட்ட பெண்களுக்கு அதில் தூரம் 5 கிலோமீட்டர். இப்படிப் பிரித்திருந்தால் கல்லூரிப் பிள்ளைகளோடு உங்களை யாரும் ஒப்பிடப் போவதில்லை.

அப்புறம், பின்னால் வரும் ஆம்புலன்ஸ். அது உங்களைத் துரத்திக்கொண்டு வருவதாக நினைக்காதீர்கள். சாலையை வண்டிகளுக்குத் திறந்துவிடும் நேரத்தில், கடைசியில் ஓடுகிறவர்களுக்கும் போக்குவரத்துக்கும் நடுவில் நிற்கும் அரண் அது. உங்களுக்குப் பின்னால் அது வருகிறது என்றால் சாலையிலேயே பத்திரமான இடத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

2004 அக்டோபர் 2 அன்று லண்டனில் புஷி பூங்காவில் 13 பேரோடு ஓர் ஓட்டம் தொடங்கியது. பார்க்ரன் என்று இன்று பல நாடுகளில் சனிக்கிழமை காலைகளில் நடக்கிறது. தூரம் இதே 5 கிலோமீட்டர்தான், கட்டணம் கிடையாது. அங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். தன்னார்வலர் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் வந்து, கடைசி ஆளாக எல்லைக் கோட்டைத் தாண்டுவார். அதனால் ஓட வந்தவர் யாருமே கடைசி ஆவதில்லை. நம் ஊர் ஓட்டங்களிலும் இந்த வழக்கம் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, மனம் இருந்தால் போதும். ஏற்பாட்டாளர்களிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள். ஆள் இல்லை என்றால், உங்களைக் கேட்காமல் பெயர் கொடுத்த மகளையே அந்த வேலைக்கு அனுப்பி வையுங்கள்!

கேட்பது என்று ஆனபின் இன்னும் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். சாலையில் காவலர்கள் எத்தனை மணி வரை நிற்பார்கள்? கடைசித் தண்ணீர் மேசை எப்போது வரை இருக்கும்? "எனக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுவரைக்கும் ஆள் இருப்பாங்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உங்களைப்போல் மெதுவாக ஓடும் பலர் கேட்கத் தயங்குவதால்தான், நாற்பதாவது நிமிடத்தில் மேசையை மடித்துக் கேனை வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். சரியான பதில் கிடைக்கவில்லை என்றால், நான்காவது கிலோமீட்டர் அருகே தண்ணீர் பாட்டிலோடு மகளை நிற்கச் சொல்லுங்கள்.

இனி முட்டி. உங்கள் வீட்டுக்காரரின் கவலையில் அக்கறை இருக்கிறது. ஆனால் ஓடினால் முட்டி தேயும் என்ற கருத்துக்கு ஆதாரம் குறைவு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வந்த ஓர் அலசலில், இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இருந்தது. ஓடாமல் உட்கார்ந்த வாழ்க்கை வாழ்கிறவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிக்காகவே கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். ஓடியதால்தான் தேய்மானம் குறைந்தது என்று இந்தக் கணக்கை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. மூட்டு நன்றாக இருப்பவர்கள்தான் தொடர்ந்து ஓடுவார்கள் என்பதும் உண்டு. ஆனாலும் உங்களைப்போல் வாரத்தில் சில நாள் மெதுவாக ஓடுகிறவர்கள் பயப்பட இதில் ஒன்றுமில்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

படி இறங்கும்போது முன்பக்கம் வலிப்பது, பெரும்பாலும் முட்டிச் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே விழும் அழுத்தத்தால் வரும் வலி. தொடையின் முன்தசையும் இடுப்பின் பக்கவாட்டுத் தசையும் வலுவாகாமல், ஓட்டத்தின் தூரம் மட்டும் கூடிக்கொண்டே போனால் இது வரும். தசையை வலுவாக்கினால் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும்.

வீட்டில் ஒரு படி போதும், மாடிப்படியின் கடைசிப் படி இருந்தால் இன்னும் நல்லது. வலது காலைப் படியின் விளிம்பில் ஊன்றி, இரண்டு விரலால் சுவரைத் தொட்டுக்கொண்டு நில்லுங்கள். இடது காலைப் படிக்கு வெளியே விட்டு, வலது முட்டியை மடக்கி உடம்பை மெல்ல இறக்குங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிக்கும்போது இடது குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். எடையைக் கீழே போட்டுவிடாமல் அப்படியே மேலே வாருங்கள். இறங்கும்போது வலது முட்டி எந்தப் பக்கம் போகிறது என்று குனிந்து பாருங்கள். பலருக்கு அது இடது காலை நோக்கி உள்ளே சாயும். அந்தச் சாய்வுதான் உங்கள் வலிக்குக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கால் கட்டைவிரலுக்கு அடுத்த விரலுக்கு நேராக முட்டி இருக்கும்படி பிடித்துக்கொண்டு இறங்குங்கள். அப்படி இறங்க முடியவில்லை என்றால் உயரம் குறைந்த படிக்கு மாறுங்கள், ஒரு தடிமனான பலகை போதும். காலுக்குப் பத்து முறை, நடுவில் இளைப்பாறி மூன்று சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். கூடவே அதே படியில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், கெண்டைக்கால் வலுவாகும். ஆலையில் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து முறை செய்யுங்கள்.

ஓடும்போது வலி வந்தால் பத்துக்கு எத்தனை என்று நீங்களே மதிப்பெண் போடுங்கள். மூன்று வரை இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். அதற்கு மேல் போனால் நடந்து வீடு திரும்புங்கள். முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது சிக்கிக்கொண்டாலோ, நடக்கையில் நழுவி விழப்பார்த்தாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஓட்டத்தன்று முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதை மட்டும் செய்ய வேண்டாம். வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல். எங்கே நிறுத்த வேண்டும் என்று முட்டி சொல்வதும் கேட்காமல் போய்விடும்.

நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களிடமும் மூட்டு வலி என்றால் நான் கேட்கும் இன்னொரு கேள்வி உண்டு. என்ன தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள்? தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். அளவு இன்னும் அதிகமாகி நாள்பட்டால் எலும்பிலும் மூட்டிலும் இறுக்கம் வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீரை இந்த ஊர்களுக்குக் கொண்டுவந்ததே முக்கியமாக இதற்காகத்தான். உங்கள் வலியின் விதம் ஃபுளோரைடு பாதிப்புப் போலத் தெரியவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் கழுத்து, முதுகு, முட்டி எல்லாமே இறுகிப்போய், இன்னும் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறீர்கள் என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

மூச்சு வாங்குவதைப் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் அதிகம் நின்று யோசித்த வரி அதுதான். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு, ஒரு வருடமாக ஓடிப் பழகிய பிறகும், சில நாள் வழக்கத்தைவிட மூச்சு வாங்குகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இரத்தசோகையைத்தான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பாதிக்கும் மேல்! ஆக்சிஜனைத் தசைக்குச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அது குறைவாக இருக்கும்போது எவ்வளவு பயிற்சி செய்தாலும் மூச்சு எட்டாது. இது தெரியாமல், "எனக்கு ஓட்டமே வராது" என்று பல பெண்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். மாதவிடாய்க்காலத்தில் உதிரப்போக்கு அதிகம் என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

ஆகவே இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆய்வகத்திலோ ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தால் குறைவு. அப்படியிருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் இரும்புச்சத்து மாத்திரை எடுங்கள், காபி டீயோடு மட்டும் வேண்டாம். இரும்பை உடம்பு ஏற்கவிடாமல் அவை தடுக்கும். எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவை உதவும். போகும்போதே இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கும் அழுத்தம் பார்த்த மாதிரி இருக்கும். வீடு தேடி வந்து சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஓடும்போது நெஞ்சு அழுத்துவது, இடது கை அல்லது தாடை இழுப்பது, தலைசுற்றுவது, படபடப்பு அடங்காதது, இவற்றில் எது இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்த்த பிறகுதான் மற்றது. குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தாலும் பெயர் கொடுத்த ஓட்டத்துக்கு முன் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், பயிற்சி எளிதானது. வாரத்தில் மூன்று நாள் ஓடுங்கள், இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் ஒருநாளாவது விடுங்கள். இரண்டு நாள் 30 முதல் 35 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். 45, 50, 55 நிமிடம் என்று நான்காவது வாரத்தில் ஒரு மணி நேரத்தைத் தொடலாம். தூரத்தைப் பார்க்கவே வேண்டாம். ஒரு மணி நேரம் காலில் நிற்கப் பழகிய உடம்புக்கு 46 நிமிடம் பெரிதாகத் தெரியாது. கடைசி வாரத்தில் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அந்த வாரத்தில் கூடுதலாக ஓடி ஒன்றும் சேர்க்க முடியாது, களைப்பைத்தான் சேர்ப்பீர்கள்.

எந்த வேகத்தில்? பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில். "இன்னைக்கு வீட்ல என்ன சமையல்?" என்று ஒரே மூச்சில் கேட்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

இடையிடையே நடப்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்க வீரர் ஜெஃப் காலோவே, 1974-ல் புதியவர்களுக்கு ஓட்டம் கற்றுக்கொடுக்கத் தொடங்கியபோது இதையே ஒரு முறையாக வைத்தார். மூச்சு முட்டிய பிறகு நடப்பதற்கும், முட்டுவதற்கு முன்பே நடப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் இப்போது ஓட முடிகிறவரை ஓடி, தாங்காமல் நடக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை மாற்றுங்கள். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் நிமிடத்திலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். முதல் நடை வரும்போது உங்களுக்குக் களைப்பே இருக்காது. இருந்தாலும் நடங்கள். பலனை நான்காவது கிலோமீட்டரில் பார்ப்பீர்கள். இந்த மாற்றம் ஒன்றிலேயே உங்கள் நேரம் தானாகக் குறைந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஓடும் இடம் கிரவுண்டாக இருப்பது நல்லதுதான். முட்டிக்கு மண் தரை இதம். 400 மீட்டர் பாதையாக இருந்தால் 5 கிலோமீட்டர் என்பது பன்னிரண்டரைச் சுற்று. ஆனால் போட்டி சாலையில் நடக்கும், கிருஷ்ணகிரிச் சாலைகள் ஏறி இறங்கும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறாவது சாலையில் ஓடிப் பாருங்கள். கே.ஆர்.பி. அணைப் பக்கம் போனால் காலைக் காற்றும் நன்றாக இருக்கும். தேசிய நெடுஞ்சாலையின் ஓரமும் சர்வீஸ் ரோடும் வேண்டாம், லாரிகள் இரவெல்லாம் ஓடிவிட்டு விடியலில் வரும் நேரம் அது. சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி ஓடுங்கள். இருட்டில் தனியாகப் போகாதீர்கள். நாய் குரைத்து வந்தால் ஓடாமல் நின்று, மெல்ல நடந்து விலகுங்கள். மேட்டில் நடங்கள், அதில் வெட்கம் வேண்டாம். இறக்கத்தில் அடியைச் சின்னதாக வையுங்கள். உங்களுக்கு முட்டி வலிப்பது இறக்கத்தில்தான் என்பதால், எட்டி எட்டி வைத்தால் அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்.

உடை, செருப்பு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓடுவதற்கென்று செய்த ஷூ வேண்டும். மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். போட்டிக்கு மூன்று வாரம் முன்பே வாங்கி ஓடிப் பழகுங்கள். அன்றைக்குப் புது ஷூ கூடாது. பெண்கள் கேட்கத் தயங்குவதால் நானே சொல்லிவிடுகிறேன்: நல்ல இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிரா ஷூவுக்குச் சமமான தேவை. அது இல்லாமல் 46 நிமிடம் ஓடினால் தோளும் முதுகும் வலிக்கும், ஓட்டத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். சுரிதாரில் ஓடுவதானால் துப்பட்டாவை வீட்டில் வைத்துவிடுங்கள். ஏற்பாட்டாளர்கள் தரும் டி-ஷர்ட்டை முன்கூட்டியே வாங்கித் துவைத்து, ஒருநாள் போட்டு ஓடிப் பாருங்கள். தையல் உரசும் இடத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் வழியாது.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. முக்கால் மணி நேர ஓட்டத்துக்கு உடம்பில் ஏற்கெனவே இருக்கும் சத்தே போதும். முதல் நாள் வழக்கமான சாப்பாடு. மதியம் கேழ்வரகுக் களி நம் ஊர்ப் பழக்கம் என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் ஓடும் அன்று காலையில் வேண்டாம். செரிக்க நேரமாகும், வயிறு கனக்கும். இரவில் எண்ணெய்ப் பலகாரமும் பிரியாணியும் தவிர்க்கலாம். காலையில் ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ போதும். காபி பழக்கம் இருந்தால் குடியுங்கள், பழக்கம் இல்லை என்றால் அன்றைக்குத் தொடங்க வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீர். ஓடும்போது தாகம் எடுத்தால் இரண்டு மூன்று வாய். கடகடவென்று குடித்தால் வயிற்றில் குலுங்கிப் பக்கவலி வரும். ஓட்ட மைதானங்களில் பெண்களுக்குக் கழிவறை வசதி பெரும்பாலும் போதாது. சீக்கிரம் எழுந்து வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். மாதவிடாய் நாளாக அமைந்தாலும், உடம்பு ஒத்துழைத்தால் ஓடலாம், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

இனி அந்த நாள். எண் அட்டையை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் நான்கு ஊக்கால் குத்துங்கள், இரண்டு ஊக்கு என்றால் காற்றில் படபடத்துக்கொண்டே வரும். விருந்தினர் வந்து கொடியசைக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். ஆறரை என்றால் ஏழு ஆகலாம். உட்கார்ந்துவிடாமல் மெல்ல நடந்துகொண்டிருங்கள். கையில் ஒரு வாழைப்பழம் இருக்கட்டும். ஏழுக்குத் தொடங்கினால் நீங்கள் முடிக்கும்போது எட்டு நெருங்கும், வெயில் முகத்தில் அடிக்கும். ஒரு தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கக் கோட்டில் கூட்டத்தின் பின்பக்கம், இடது ஓரமாக நில்லுங்கள். நடுவில் நின்றால் பின்னால் வருகிறவர்கள் இடித்துத் தள்ளிவிடுவார்கள். கொடி அசைந்ததும் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பள்ளிப் பையன்கள் கத்திக்கொண்டு பாய்வார்கள். மேளம் அடிக்கும், ஒலிபெருக்கியில் யாரோ உற்சாகமாகப் பேசுவார்கள், பக்கத்தில் நின்ற உங்கள் வயதுப் பெண் கூடப் பாய்ந்து போய்விடுவார். உங்கள் கால் உங்களைக் கேட்காமலே அவர்கள் பின்னால் போகும். அந்த இரண்டு நிமிடம் மிகவும் லேசாக இருக்கும், மூச்சே வாங்காது. அந்த லேசு உண்மையானது இல்லை. தேவைப்படும் ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் முழுதாகக் கொடுக்கத் தொடங்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதுவரை தசை தன் கையிருப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. அதைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிட்டவர்கள்தான் இரண்டாவது கிலோமீட்டரில் ஓரமாகக் குனிந்து நிற்பவர்கள். நீங்கள் முதல் கிலோமீட்டரை ஒன்பதரை நிமிடத்துக்குக் குறைவாக ஓட வேண்டாம். கைபேசியைப் பாருங்கள், மூன்று நிமிடம் ஆனதும் நடங்கள். எல்லோரும் ஓடும்போது நீங்கள் மட்டும் நடப்பது கஷ்டம்தான். யாராவது, "என்னக்கா, அதுக்குள்ளயா?" என்பார்கள். சிரித்துவிட்டு நடங்கள்.

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில்தான் மனம் தளரும். கூட்டம் கலைந்துவிடும், மேளச் சத்தம் கேட்காது, முடிவு இன்னும் கண்ணில் படாது. வேகமாக ஓடுகிறவருக்கு அது நான்கைந்து நிமிடம், உங்களுக்கு ஒன்பது. அங்கே நடையை ஒன்றரை நிமிடமாக்கினாலும் பரவாயில்லை. நான்காவதைத் தாண்டிய பிறகு பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கடைசி 500 மீட்டரை நடக்காமல் ஓடுங்கள். உங்கள் நேரத்தைத் தொடக்கக் கோட்டைத் தாண்டும் நொடியிலிருந்து நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். ஊர் ஓட்டங்களில் கொடி அசைத்த நொடியிலிருந்துதான் பெரும்பாலும் கணக்கு வைப்பார்கள். பின்னால் நின்ற உங்களுக்கு அது நியாயமாக இருக்காது.

முடித்ததும் உட்காராதீர்கள், படுக்காதீர்கள். பத்து நிமிடம் மெல்ல நடங்கள், பிறகு தண்ணீர், சாப்பாடு. மறுநாளைவிட அதற்கு அடுத்த நாள் தொடை அதிகமாக வலிக்கும். அது தசை தன்னைச் சரிசெய்துகொள்ளும் வலி, படி இறங்கும்போது தெரியும். முட்டியின் பழைய வலியோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தசை வலி இரண்டு காலிலும் பரவலாக இருந்து மூன்று நான்கு நாளில் அடங்கிவிடும்.

மாம்பழ சீசன் வந்துவிட்டால் ஆலையில் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது என்று தெரியும். அந்த மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் இருபது நிமிடம் ஓடினால்கூடப் பெருமளவு நிலைக்கும். விட்டுப்போயிற்றே என்று வருந்தி, ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள்.

படிப் பயிற்சியை ஆறு வாரம் ஒழுங்காகச் செய்த பிறகும் வலது முட்டி படியில் வலித்தால், ஓட்டம் முடிந்த அடுத்த வாரம் பக்கத்திலுள்ள பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் காட்டுங்கள். போகும்போது நீங்கள் ஓடும் ஷூவையும், முட்டி தெரிகிற மாதிரி ஓர் உடையையும் எடுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் படி இறங்குவதை அவர் பின்னாலிருந்தும் முன்னாலிருந்தும் பார்க்க வேண்டியிருக்கும்.